கிளட்சில் இரண்டு விரல்

ஐயா, ஸ்டேஷன் வாசலில் நிற்கும் உங்கள் வண்டியில் செயின் தொங்குகிறது. உள்ளே வரும்போது பார்த்தேன். இன்றைக்கே இறுக்கிவிடுங்கள். இல்லையென்றால் என்றைக்காவது ஒரு திருடனைத் துரத்தும்போது கழன்றுகொள்ளும். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான். தொழில் புத்தி, வேறொன்றும் இல்லை. எந்த வண்டியைப் பார்த்தாலும் எனக்கு முதலில் அதன் குறைதான் கண்ணில் படும். மனிதர்கள் விஷயத்தில் இந்தக் கண் அவ்வளவாக வேலை செய்ததில்லை.

வாயால் சொன்னதையெல்லாம் எழுதிக் கொடு என்று பேப்பரும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். பேனா கசிகிறது, இருந்தாலும் சமாளித்துக்கொள்கிறேன். ஏரிக்கரைச் சாலைப் போட்டியில் என் தங்கையின் கணவர் இறந்ததை, என்ஜின் பழுதானதால் நேர்ந்த விபத்து என்று எழுதி முடித்திருக்கிறீர்கள். நன்றாகத்தான் விசாரித்தீர்கள், குறை சொல்ல வரவில்லை. அதில் ஒரே ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன்.

என்னை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்ப்பேன். மற்ற மெக்கானிக்குகள் ஒரு வாரத்தில் முடிக்கும் என்ஜினை நான் மாதக்கணக்கில் வைத்திருப்பேன். வண்டிக்காரர் வந்து எப்போது கிடைக்கும் என்று கேட்டால், "நிதானமா செய்யலாமே" என்பேன். அதுவே பெயராகிவிட்டது. பாராட்டா கிண்டலா என்று நான் விசாரிக்கவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். எதையும் அப்படி எடுத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

என் தொழில் இதுதான். தெருவில் ஓடும் சாதாரண பைக்கின் என்ஜினில், கம்பெனி கொடுத்ததைவிட அதிகச் சக்தியை வாங்கித் தருவது. சக்தி வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எவ்வளவு நேரத்துக்கு?" என்றுதான். பலர் அதற்கே முழிப்பார்கள். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைச் சீவி, கார்புரேட்டரைப் பெரிதாக்கி, சைலன்சரைப் பிடுங்கிப் போட்டால் எந்த என்ஜினும் கொஞ்ச நேரம் சிங்கம் மாதிரி கத்தும். அப்புறம் அதைத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். கூடுதல் சக்தி, அதுவும் காலையில் கிளம்பி மாலை வரை கையைத் திருப்பிக்கொண்டே இருந்தாலும் குறையாத சக்தி, அதுதான் கஷ்டம். அதை ஊரிலேயே நான் ஒருவன்தான் செய்து கொடுத்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்க வேண்டும். இல்லை.

கொஞ்சம் தொழில் விஷயம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திருத்தம் உங்களுக்குப் புரியாது. அதிகச் சக்தி என்றால் அதிகச் சூடு. சூட்டில் பிஸ்டன் பெருக்கும். அது பெருத்துக்கொள்வதற்காக, பிஸ்டனுக்கும் அது ஏறி இறங்கும் சிலிண்டருக்கும் நடுவில் தலைமுடி கனத்துக்கும் குறைவாக ஓர் இடைவெளி விட வேண்டும். அதைத்தான் கிளியரன்ஸ் என்பார்கள். கம்பெனியில் போட்டு வருவது வார்த்து எடுத்த பிஸ்டன். அதற்குக் கொஞ்சம் இடம் போதும். நாங்கள் மாற்றிப் போடுவது அடித்துச் செய்த பிஸ்டன். உறுதியானது, ஆனால் அதிகமாகப் பெருக்கும். அதற்குத் தாராளமாக இடம் விடாவிட்டால், தெருவில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்துவிட்டு, முழு வேகத்தில் நன்றாகச் சூடேறியதும் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். என்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதோடு பின்சக்கரமும் நின்றுவிடும். வண்டி மட்டும் நிற்காது.

அதனால்தான் சக்தி ஏற்றிய வண்டிகளை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இடது கையில் இரண்டு விரலை எப்போதும் கிளட்ச் லீவர்மேல் வைத்திருப்பார்கள். என்ஜின் பிடிக்கிறது என்று சத்தம் மாறியதுமே கிளட்ச்சை இழுத்துவிட்டால் சக்கரம் விடுபட்டுவிடும், ஆள் பிழைத்துக்கொள்வார். இரண்டு விரல்தான் அவர்களுக்கு இன்சூரன்ஸ். ஆனால் என்னிடம் என்ஜின் செய்துகொண்டவர்கள் அப்படி வைக்கமாட்டார்கள். எல்லா விரலையும் கைப்பிடியைச் சுற்றி மடக்கிக்கொண்டுதான் ஓட்டுவார்கள். "இது நிதானம் என்ஜின், பிடிக்காது" என்று சொல்வார்கள். போட்டியில் எல்லோரும் யார் முன்னால் வருகிறார் என்று பார்ப்பார்கள். நான் ஓரமாக நின்றுகொண்டு, போகிறவர்களின் இடது கையை மட்டும் பார்ப்பேன். மடங்கிய விரல்களைப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை வேறு எதிலும் நான் கண்டதில்லை.

எனக்கு வண்டி ஓட்ட வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளத்தானே வந்திருக்கிறேன். சின்ன வயதில் நானே செய்த என்ஜினில் ஒரே ஒரு போட்டிக்குப் போனேன். முதல் வளைவு வரை நான்தான் முன்னால். சாலை திரும்பியது, நான் திரும்பவில்லை. புதருக்குள்ளிருந்து என்னை எடுத்தவர்கள் சிரித்துக்கொண்டே எடுத்தார்கள். கல்யாணப் பேச்சும் ஒரே ஒரு தடவைதான் வந்தது. உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அந்தப் பெண் மரியாதைக்குக் கேட்டார். பிஸ்டன் ரிங்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். முடித்து நிமிர்ந்து பார்த்தபோது எதிரே அவருடைய அப்பாதான் உட்கார்ந்திருந்தார், அவரும் தூங்கிக்கொண்டிருந்தார். ஆகவே அடுத்தவர் விரல்களைப் பார்த்துச் சந்தோஷப்படுவதைத் தவிர எனக்கு வேறு போக்கு இல்லை என்று நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வண்டியில் உட்கார்ந்தால் வேறு ஆள். அவரும் என்ஜின் செய்துகொள்ளத்தான் என் கடைக்கு வந்தார். கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையைத் தங்கச்சிதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல வேலையை மாதக்கணக்கில் இழுத்தேன். அவர் வழக்கத்துக்கு மாறாக ஒரு நாளும் கோபித்துக்கொள்ளவில்லை. வண்டி எப்போது முடியும் என்று கேட்காமல் தினமும் வந்து நிற்கிறாரே, எவ்வளவு பொறுமைசாலி என்று நினைத்தேன். அவர் எதற்காக நிற்கிறார் என்று கடையில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கல்யாணம் முடிந்து இருவரும் கடைக்கு மேலே என்னோடுதான் குடியிருந்தார்கள்.

அவர் ஜெயிக்காத போட்டி குறைவு. மைக்கைக் கையில் கொடுத்தால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். "எல்லாம் மச்சான் என்ஜின்தாங்க, நான் சும்மா உக்காந்திருந்தேன்" என்பார். எனக்கு ஒரு கெடுதலும் அவர் நினைத்ததில்லை. நான் சாப்பிடாமல் வேலை செய்துகொண்டிருந்தால் தட்டை எடுத்துக்கொண்டு அவரே கீழே வருவார். இதையெல்லாம் நான் மறைக்க விரும்பவில்லை. மனுஷன் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் அப்படி எழுத ஒரு சம்பவம்கூட அகப்படவில்லை. நேற்று முழுக்கத் தேடிப் பார்த்தேன்.

இந்த வருடப் போட்டிக்கு முன்னால் ஏரிக்கரைச் சாலையில் ஒத்திகை ஓட்டம் நடந்தது. நான் வழக்கம்போல ஓரமாக நின்றேன். மாப்பிள்ளை வந்தார். என்ஜின் சத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. இடது கையைப் பார்த்தேன். இரண்டு விரல் கிளட்ச்மேல் இருந்தது.

வெயிலால் இருக்கும், கண் தவறிப் பார்த்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த சுற்றிலும் அதே இரண்டு விரல். ஊரில் வண்டிச் சாமான் விற்கிறவர்கள், மெக்கானிக்குகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு அப்படித் தோன்றியது. சொந்த மாப்பிள்ளையே நிதானம் என்ஜினை நம்பவில்லை என்று உலகமே பேசுவதாகத் தோன்றியது. உலகத்துக்கு என் என்ஜினைத் தவிர வேறு வேலை இருக்கும் என்ற நினைப்பு எனக்கு எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

வண்டியை நிறுத்திவிட்டு வந்தவரிடம் கேட்டேன்.

"என்ன மாப்பிள்ளை, விரல்ல ஏதாவது வலியா?"

"இல்லையே மச்சான். ஏன்?"

"கிளட்ச்ல ரெண்டு விரல் இருந்துச்சே."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "ஓ, அதுவா. உங்க தங்கச்சி சத்தியம் வாங்கிட்டா. குழந்தை வரப் போகுதில்ல, இனிமே ரெண்டு விரல் வெச்சுத்தான் ஓட்டணுமாம். என்ஜினப் பத்தி எனக்கு ஒரு பயமும் இல்ல மச்சான். அவ மனசுக்காகத்தான்."

நியாயமான பதில். நீங்களும் நானும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிட நல்ல பதில் கிடைக்காது. ஆனால் அவர் சொன்னதில் எனக்குக் காதில் விழுந்தது பயம் என்ற ஒரு சொல்தான். இல்லாத பயத்தை எதற்காக இல்லை என்று சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மறுநாளும் யோசித்தேன். தங்கச்சி சாப்பிடக் கூப்பிட்டாள்; பசியில்லை என்றேன். பசித்தது. இரண்டு வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடும் அளவுக்குப் பசித்தது. மேலே இருவரும் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டால், என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். தொட்டில் எந்தப் பக்கம் போடலாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதை நான் மனத்துக்குள் சோதனை என்றுதான் சொல்லிக்கொண்டேன். எந்த என்ஜினையும் சோதிக்காமல் நான் வெளியே அனுப்பியதில்லை. மனிதரைச் சோதிப்பதிலும் தப்பில்லை என்று பட்டது. போட்டியன்று முழு வேகத்தில் பிடித்துக்கொள்ளும்படி ஓர் என்ஜின் செய்து கொடுப்பது. அவர் இரண்டு விரல் வைத்திருந்தால் பிழைத்துக்கொள்வார். என்னை நம்பவில்லை என்பதும் தெரிந்துவிடும். விரலை மடக்கியிருந்தால் என்னை முழுசாக நம்பினார் என்று தெரிந்துவிடும். எப்படியானாலும் எனக்கு ஒரு பதில் கிடைக்கும். இரண்டாவது பதில் கிடைத்தால் அதைச் சொல்ல அவர் இருக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

"போட்டிக்கு முன்னாடி பிஸ்டன மாத்திடலாம் மாப்பிள்ளை" என்றேன். "நீங்க சொன்னா சரிதான் மச்சான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

சிலிண்டரை உள்ளே குடைந்து அளவுக்குக் கொண்டுவரும் வேலையை அடுத்த தெரு லேத்துக்காரர்தான் எனக்குச் செய்து கொடுப்பார். நாங்கள் இருவரும் சேர்ந்தே முடி நரைத்தவர்கள். அடித்துச் செய்த பிஸ்டனைக் கையில் கொடுத்து, வார்த்த பிஸ்டனுக்கு விடும் கிளியரன்ஸைவிடவும் குறைவாகச் சொன்னேன். அவர் மைக்ரோமீட்டரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே, அளவு மாத்திச் சொல்றீங்களா? இதுக்கு இது பத்தாதே. சூட்டுல பெருக்குமே."

"இது புது ரகம். அவ்வளவா பெருக்காது."

"அப்படியா? நான் கேள்விப்படலையே."

"நான் சொல்றேன்ல."

"நீங்க சொன்னா சரிண்ணே" என்று மெஷினைப் போட்டுவிட்டார். ஒரே மாதத்தில் இரண்டு பேர் இதே வார்த்தையை எனக்குச் சொன்னார்கள். வேறு யாரிடமாவது இப்படிச் சொல்லியிருந்தால் அவருக்கு நெஞ்சு உறுத்தியிருக்கும். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

என்ஜினைக் கெடுப்பது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள் ஐயா. எண்ணெயைக் கொட்டிவிட்டால் எந்த என்ஜினும் தெருமுனையிலேயே பிடித்துக்கொள்ளும். அது வேலையே இல்லை. தெருவில் ஓட வேண்டும், பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வேண்டும், ஓட்டுகிறவருக்கு ஒரு சந்தேகமும் வரக் கூடாது, நீளமான நேர்சாலையில் முழு வேகத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தால் மட்டும் பிடிக்க வேண்டும். அவ்வளவு நீளமான நேர்சாலை நம் பக்கத்தில் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. அதன் முடிவில் வளைவும் கற்சுவரும். பெட்ரோல் போவதையும் கொஞ்சம் குறைத்து வைத்தேன், அது குறைந்தால் என்ஜினில் சூடு கூடும். நான் செய்த என்ஜின்களிலேயே அவ்வளவு யோசித்துச் செய்தது வேறில்லை. முடித்ததும் யாரிடமாவது காட்டிப் பெருமைப்பட வேண்டும்போல இருந்தது. யாரிடம் காட்டுவது? அது ஒன்றுதான் அந்த வேலையில் எனக்கிருந்த கஷ்டம்.

போட்டியன்று காலை மேலே மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் அப்போது எனக்குப் பழகிவிட்டது. தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"என்னண்ணா உனக்கு? ஒத்திகைக்குப் போயிட்டு வந்ததிலேருந்து நீ சரியாவே இல்ல."

"ஒண்ணுமில்ல. உன் வீட்டுக்காரருக்கு என் என்ஜின்மேல நம்பிக்கை இல்ல, அவ்வளவுதான்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட கடவுளே, அந்த ரெண்டு விரலுக்கா? நான்தான் அண்ணா சொன்னேன். ஏதோ மனசு கேக்கல, சொல்லிட்டேன்." அப்புறம் அவரிடம் திரும்பினாள். "இங்க பாருங்க, அந்தச் சத்தியத்த நானே திரும்ப எடுத்துக்கிட்டேன். அண்ணன் கையால செஞ்ச என்ஜினுக்கு விரல் எதுக்கு? மடக்கிட்டே ஓட்டுங்க. இல்லன்னா இந்த மூஞ்சிய யாரு பாக்கறது?"

மாப்பிள்ளை என் தோளைத் தட்டினார். "சரி மச்சான், உங்களுக்காக. இப்பவாவது ரெண்டு வாய் சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். வண்டி கீழேதான் நின்றிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஹெட்டில் ஏதோ சத்தம் கேட்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்றால் அவர் மறுபேச்சுப் பேசியிருக்கமாட்டார். அது எனக்குத் தோன்றவில்லை என்று இல்லை. தோன்றியது. அப்படிச் சொன்னால் என் என்ஜினில் ஏதோ சத்தம் கேட்டது என்று ஆகிவிடுமே என்றும் தோன்றியது.

போட்டியில் ஒவ்வொரு வண்டிக்காரர் சார்பிலும் ஒருவர் சாலையோரம் சிவப்புத் துணியோடு நிற்க வேண்டும் என்பது கிளப் விதி. ஆபத்து என்றால் துணியைத் தூக்கிக் காட்டினால் வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள். எனக்கு நேர்சாலை ஆரம்பிக்கும் இடம் கிடைத்தது. முதல் சுற்றில், முன்னே போகும் காரின் பின்னால் எல்லோரும் மெதுவாகத்தான் போவார்கள். மாப்பிள்ளை என்னைக் கடந்தபோது பழக்கதோஷமோ என்னவோ, விரல் லீவர்மேல்தான் இருந்தது. சரி, பதில் கிடைத்துவிட்டது என்று கசந்துபோய் நின்றேன்.

இரண்டாவது சுற்றில் முழு வேகத்தில் வந்தார். தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இடது கையில் இரண்டு விரலையும் தூக்கி, எனக்குத் தெரியும்படியாகக் கைப்பிடியைச் சுற்றி மடக்கினார். லேசாகத் தலையும் ஆட்டினார்.

துணி என் கையில் இருந்தது. அவர் என்னை நெருங்க இன்னும் தூரம் இருந்தது. தூக்கியிருந்தால் நின்றிருப்பார். பதற்றத்தில் தூக்க மறந்துவிட்டேன் என்று அன்று உங்களிடம் சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அந்த வரியையும் திருத்திக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு பதற்றமும் இல்லை. அவர் என்னை நம்பினார் என்ற சந்தோஷம்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்குள் அவர் என்னைத் தாண்டிப் போயிருந்தார். அப்புறம் நேர்சாலையில் என்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே போனதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நான் நினைத்த இடத்தில் நின்றது.

மாப்பிள்ளை இறந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. பொய்யில்லை. தட்டை எடுத்துக்கொண்டு யாரும் கீழே வருவதில்லை. தங்கச்சி பேசுவதே குறைந்துவிட்டது. எப்போதாவது வாயைத் திறந்தால், "நான்தானே அண்ணா விரலை எடுக்கச் சொன்னேன்" என்று அழுகிறாள். "நீ என்ன பண்ணுவே, விதி" என்று நான் ஆறுதல் சொல்கிறேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி அழக் கூடாது என்று டாக்டரம்மா திட்டினார். அவள் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இங்கே வந்தேன் என்று வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

லேத்துக்காரரும் வந்தார். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல் அழுதார். "நீங்க சொன்ன அளவை நான்தான் தப்பாக் கேட்டிருக்கேண்ணே. நீங்க போய் அந்த அளவு சொல்லுவீங்களா? என் கையாலதான் போச்சு" என்றார். நீங்கள் என்ன அளவு சொன்னீர்கள் என்றுகூட அவர் என்னைக் கேட்கவில்லை. நான் அவர் தோளில் கை வைத்து, "விடுங்க, மனுஷன் கைதானே, தவறும்" என்று மன்னித்தேன். பெருந்தன்மையாகத்தான் மன்னித்தேன். அதற்கப்புறம் அவர் மெஷினைப் போடுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

இதெல்லாம் நடந்தும் நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று நம் கூரியர்காரர் வந்தார். மழையிலும் வெயிலிலும் பார்சல் சுமந்து ஓடுகிறவர். அவர் வண்டி என்ஜின் நான் செய்தது; ஒரு நாளும் அவரை வழியில் நிறுத்தியதில்லை. எண்ணெய் மாற்றிக்கொண்டு கிளம்பும்போது இடது கையைப் பார்த்தேன். இரண்டு விரல். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே" என்றார். "வீட்டுல சொல்லி அனுப்பினாங்க. உங்க மாப்பிள்ளைக்கே அப்படி ஆயிடுச்சேன்னு பயப்படறாங்க."

கோபமே இல்லை என்று சிரித்தேன். அவர் போன பிறகு தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். நான் என்ஜின் செய்து கொடுத்த வண்டிகள் எல்லாவற்றையும் எனக்குச் சத்தத்திலேயே தெரியும். ஒவ்வொருவர் இடது கையிலும் இரண்டு விரல். உள்ளே வந்து லேத்துக்காரருக்குப் போன் போட்டேன், கூரியர்காரர் வண்டி சிலிண்டருக்கும் அதே அளவைச் சொல்வதற்காக. அந்த நிமிஷத்தில் எனக்கு என்மேலேயே பயம் வந்து போனைக் கீழே வைத்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். லேத்துக்காரர் போனை எடுக்கவில்லை.

ஆகவே ஐயா, நான் சொல்ல வந்த திருத்தம் இதுதான். அந்த என்ஜின் பழுதாகவில்லை. நான் செய்த எந்த என்ஜினும் இன்று வரை தானாக நின்றதில்லை. அது எங்கே நிற்க வேண்டும் என்று நான் செய்தேனோ அங்கே நின்றது. என் தங்கையின் கணவரை நான்தான் கொன்றேன், தெரிந்தே கொன்றேன். லேத்துக்காரருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. நான் சொன்ன அளவை இம்மி பிசகாமல் குடைந்து கொடுத்தார். கையெழுத்தை அடையாள அட்டையில் இருக்கும் பெயரிலேயே போடுகிறேன்.

தங்கச்சியிடம் நீங்களே போய்ப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. பைக் கிளப்புக்கு மட்டும் என்னை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள், விலங்கு போட்டுக் கூட்டிப் போனாலும் பரவாயில்லை. என்ஜின் பழுதாகவில்லை என்று அவர்களிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். எல்லோரும் எவ்வளவு கிளியரன்ஸ் வைத்தாய் என்று கேட்பார்கள். உங்களுக்குச் சொல்லத் தெரியாது.